ஒரே ஊசியில் ஆறு

ராதா வருகிறாள் என்றால் முதலில் அவள் குரல் வரும், அடுத்துச் செருப்புச் சத்தம் வரும், கடைசியில்தான் ராதா வருவாள். அந்தச் சனிக்கிழமை காலையில் குரல் வரவில்லை. காலிங் பெல்லை ஒரே ஒரு தடவை அழுத்திவிட்டுக் கதவு திறக்கும்வரை பேசாமல் நின்றாள்.

பெங்களூரின் ஒரு மூலையான அடுகோடியிலிருந்து இன்னொரு மூலையான வைட்ஃபீல்ட் வரை பஸ்ஸும் மெட்ரோவும் மாறி வந்த களைப்பு என்று நினைக்கலாம். கதவைத் திறந்த வைஷ்ணவி அப்படி நினைக்கவில்லை. கார்மென்ட்ஸ் கம்பெனியில் நூறு மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தி வேலை வாங்குகிற சூப்பர்வைசர் தன் நாத்தனார். அவள் அடக்கி வாசிக்கிறாள் என்றால், போன வாரம் இதே வீட்டில் தான் கொளுத்திப் போட்டுவிட்டுப் போனது அணைந்துவிட்டதா இல்லையா என்று முகர்ந்து பார்க்கிறாள் என்று அர்த்தம்.

அது அணையவில்லை. ராதா வீட்டு மாடியில் குடியிருப்பவர்களின் கைக்குழந்தை கக்குவான் இருமல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தது. இருமி இருமி அதன் முகம் நீலமாகிப் போனதைக் கண்ணால் பார்த்துவிட்டு நேராகத் தம்பி வீட்டுக்கு வந்தவள், உங்க பாப்பாவுக்குத் தடுப்பூசி போட்டாச்சா என்று கேட்டுவிட்டாள். அந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்காத கேள்வி அது. தம்பி அஷ்வின் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே, போடலாம், ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட விடமாட்டேன், ஒவ்வொன்றாகத்தான் என்றான். வைஷ்ணவி ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் ஒன்றும் சொல்லாமல் இருக்கப் பழகி ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகிறது.

பாப்பாவுக்கு முன்னால் அந்த வீட்டில் ஒரு பையன் இருந்தான். இனியன் என்று பெயர். பிறந்து இரண்டு மாதம்கூட நிறையவில்லை. தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்த மறுநாள் காலையில் அவன் தொட்டிலில் கண் விழிக்கவில்லை. பிரேதப் பரிசோதனை செய்தால் காரணம் தெரிய வாய்ப்பு இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பச்சைக் குழந்தையை அறுக்கக் கொடுக்க எந்தத் தகப்பனுக்கு மனம் வரும். கைக்குழந்தையை எரிக்கிற வழக்கமும் கிடையாது, பொழுது சாய்வதற்குள் மண்ணில் வைத்துவிட வேண்டும் என்று உறவுக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள். அஷ்வின் வேண்டாம் என்று தலையசைத்தான். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வைஷ்ணவி அன்றும் அழவில்லை. அதிர்ச்சி, நாள் போனால் அழுதுவிடுவாள் என்றார்கள். நாள் போனது, அவள் அழவில்லை. ஆபீஸ் போனாள், வந்தாள், மறுபடியும் கர்ப்பமானாள், பெண் குழந்தை பெற்றாள். பாப்பாவுக்கு நேரத்துக்குப் பால் கொடுத்தாள், துணி மாற்றினாள், குளிப்பாட்டினாள். ஷிஃப்ட் பார்ப்பதுபோல் ஒன்றுவிடாமல் செய்தாள். ஒரு போட்டோ எடுக்கவில்லை. இப்போது போட்டுவிடுகிற அளவைவிட ஒரு அளவு பெரிய சட்டை ஒன்றுகூட வாங்கி வைக்கவில்லை. மூன்று மாதம் ஆகப்போகிற குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பாப்பா என்றால் பாப்பா, அவ்வளவுதான்.

ராதா உள்ளே வந்து பையை வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு தொட்டிலைப் பார்க்கப் போனவள், குழந்தையின் கன்னத்தைப் பார்த்துவிட்டுத் தன் கைப்பையிலிருந்து மை டப்பியை எடுத்தாள். வரும்போதெல்லாம் திருஷ்டிப் பொட்டு வைப்பது அவள்தான்.

"எங்க அவன்?" என்றாள்.

பாத்ரூமுக்குள்ளிருந்து பதில் வந்தது. நீளமான இருமல். நின்றுவிட்டது என்று நினைக்கும்போது மறுபடியும் தொடங்கி, கடைசியில் ஓங்கரிப்பாக முடிந்தது. தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. அஷ்வின் கண்ணெல்லாம் சிவந்து முகத்தைத் துடைத்தபடி வெளியே வந்தான்.

ஆபீஸ் பஸ்ஸில் ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று அவன் இரண்டு மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். வைட்ஃபீல்டில் தோண்டிப் போட்ட ரோட்டுத் தூசிக்கு யாருக்குத்தான் இருமல் வராது என்று ராதாவும் ஒத்து ஊதினாள். பாப்பாவுக்கு ஊசி போட அன்றைக்குத்தான் கிளினிக்கில் நேரம் சொல்லியிருந்தார்கள். வைஷ்ணவி டயப்பர் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

கேப் கிடைக்கப் பத்து நிமிடம், கிளினிக் போய்ச் சேர முக்கால் மணி நேரம். நடந்தால் அதைவிடச் சீக்கிரம் போயிருக்கலாம். மெட்ரோ தூண்களுக்கு நடுவே வண்டி ஊர்ந்துகொண்டிருக்க, முன் சீட்டில் இருந்த அஷ்வின் திரும்பி உட்கார்ந்து தன் திட்டத்தை அக்காவுக்கு விளக்கினான். இந்த வாரம் ஒன்று. ஒரு வாரம் பார்ப்பது. எதுவும் ஆகவில்லை என்றால் அடுத்தது.

அஷ்வின் பார்க்கிற வேலையைத் தெரிந்துகொண்டால்தான் இந்தத் திட்டம் புரியும். ஓடிக்கொண்டிருக்கிற சாஃப்ட்வேரில் புதிய மாற்றங்களை ஏற்றிவிடும் வேலை அவனுக்கு. அதில் அவனுக்கு ஒரு விரதம் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். நாலை ஒன்றாக ஏற்றி ஏதாவது உடைந்தால் எது உடைத்தது என்று தெரியாமல் விடிய விடியத் தேட வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எவன் காலில் விழுந்தாலும் எதையும் ஏற்ற மாட்டான். அதே கம்பெனியில் டெஸ்டிங்கில் இருந்த வைஷ்ணவி இந்த நிதானத்தைப் பார்த்துத்தான் மயங்கினாள். குடியாத்தத்தில் அப்பா அம்மாவை எதிர்த்துக்கொண்டு வந்து கல்யாணமும் செய்துகொண்டாள். காதலிக்க உலகத்தில் எத்தனையோ காரணங்கள் இருக்க, இவளுக்கு வாய்த்தது இது.

அவன் வேலையில் இன்னொன்றும் உண்டு. ஏதாவது விழுந்துவிட்டால் ஏன் விழுந்தது என்று கண்டுபிடித்துச் சொல்லாமல் அந்த விவகாரத்தை மூட முடியாது. மகன் விஷயத்தில் மட்டும் காரணம் இல்லாமல் மூட வேண்டியதாகிவிட்டது. கண்டுபிடிக்க இருந்த ஒரே வழியையும் அவன்தான் வேண்டாம் என்றான். அதை யாரும் அவனிடம் சொல்லிக்காட்டியதில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

"ஊசிக்கு ரோல்பேக் கிடையாதுக்கா. போட்டா போட்டதுதான். அதான் சொல்றேன்" என்றான். பேச்சு முடிவதற்குள் இருமல் வந்துவிட்டது. டிரைவர் ஜன்னலை இறக்கினார்.

"எனக்கு உங்க கம்ப்யூட்டர் பாஷை கொத்தில்லப்பா, ஒண்ணும் தெரியாது" என்றாள் ராதா கன்னடம் கலந்து. "டாக்டர் என்ன சொல்றாங்களோ அதைக் கேளு. சும்னே பேஜார் பண்ணாதே."

வைஷ்ணவி மடியில் தூங்குகிற குழந்தையைப் பார்த்தாள். கண்ணாடி வழியாக வந்த வெயில் அதன் நெற்றியில் விழுந்திருந்தது. துப்பட்டாவை இழுத்து மறைத்தாள். யாரோ ஒருவர் பெட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், அவர் வரும்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். தன் குழந்தையைப் பற்றி அவளுக்குத் தோன்றியது இவ்வளவுதான். அப்படித் தோன்றுகிறதே என்ற வருத்தமும் வரவில்லை.

டாக்டர் கேரல் வயதானவர். காட்டன் புடவைக்கு ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டிருப்பார். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழைத் தன் இஷ்டத்துக்கு வளைப்பார். இனியனைப் பார்த்தது வேறு டாக்டர், வேறு இடம். இந்தக் குழந்தை பிறந்ததிலிருந்து இவரிடம்தான் காட்டுகிறார்கள். அண்ணனுக்கு நடந்ததைக் கேட்டுவிட்டுப் பாப்பாவின் இதயத்தை முதல் வாரமே ஸ்கேன் எடுக்க வைத்தவர் அவர்தான். அதில் எந்தக் குறையும் இல்லை. ஆறு வாரத்தில் போட வேண்டிய ஊசிக்கு இவர்கள் வராதபோது இரண்டு தடவை போன் செய்து கூப்பிட்டவரும் அவரே.

குழந்தையின் எடையைப் பார்த்து, நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு, நன்றாக இருக்கிறாள், இன்றைக்கே போட்டுவிடலாம் என்றார். ஒரு தொடையில் ஒரு ஊசி, அதிலேயே ஆறு நோய்க்கான மருந்து இருக்கும். இன்னொரு தொடையில் நிமோனியாவுக்கு ஒன்று. வயிற்றுப்போக்குக்கு வாயில் சொட்டு மருந்து.

அஷ்வின் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு தன் திட்டத்தைச் சொன்னான். அந்த ஆறையும் பிரித்துத் தர வேண்டும். முதலில் கக்குவானுக்கு மட்டும் போடலாம், அக்கா வீட்டுப் பக்கம் அது இருப்பதால். டாக்டர் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டார்.

பிறகு பதில் சொன்னார். கக்குவானுக்கு மட்டும் என்று தனியாக ஒரு ஊசி எந்தக் கடையிலும் கிடையாது. எப்போதுமே அது தொண்டை அடைப்பானுக்கும் டெட்டனஸுக்குமான மருந்தோடு சேர்ந்துதான் வரும். ஆறு ஒன்றாக இருக்கிறது என்றால் இங்கே உட்கார்ந்து ஆறு புட்டியைத் திறந்து கலக்குகிற சமாச்சாரம் அல்ல. அப்படிச் சேர்த்தே தயாரித்து, சேர்த்தே ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்து, தனித்தனியாகப் போட்டால் கிடைக்கிற பாதுகாப்பு சேர்த்துப் போட்டாலும் கிடைக்கிறதா, தொந்தரவு கூடுகிறதா என்று பார்த்த பிறகுதான் வெளியே விடுகிறார்கள்.

தொந்தரவு கூடுகிறதா என்று அஷ்வின் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டான்.

காய்ச்சல் கொஞ்சம் அதிகப் பேருக்கு வரலாம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். தொடை வீங்கும், அழுவாள், ஒரு நாள் சிணுங்குவாள். எப்போதாவது மிக அரிதாக ஒரு குழந்தைக்கு அலர்ஜி வரும், அது உடனே தெரிந்துவிடும், அதற்காகத்தான் போட்ட பிறகு அரை மணி நேரம் இங்கேயே உட்கார வைப்பது. இந்த வயதுக் குழந்தையின் உடம்பு ஒரு நாளில் வாயில் வைக்கிற கை, துணி, காற்று என்று சந்திக்கிற கிருமிகளோடு ஒப்பிட்டால் இந்த ஊசியில் இருப்பது சொற்பம். பிரித்துப் பிரித்துப் போட்டால் குத்து அதிகமாகும், பாதுகாப்பு தள்ளிப் போகும், வேறு லாபம் ஒன்றும் இல்லை.

"இனியனுக்கு ஒண்ணாத்தானே போட்டாங்க" என்றான் அஷ்வின்.

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"உங்க பையனுக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது" என்றார் டாக்டர். "தெரிஞ்ச மாதிரி பேசி உங்களை ஏமாத்த மாட்டேன். ஒண்ணு மட்டும் சொல்றேன். அந்த வயசுல சில குழந்தைங்க காரணமே தெரியாம போயிடறாங்க. ஊசி கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடியும் போனாங்க. அந்த வயசுலதான் எல்லாருக்கும் ஊசியும் போடறோம். அப்போ சிலது ஊசிக்கு மறுநாள்ல வந்து விழும். இதனாலதானான்னு நிறைய நாட்டுல கணக்கெடுத்துப் பாத்திருக்காங்க. ஊசி போட்டவங்கள்ல அது ஜாஸ்தி இல்லை."

ராதா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அஷ்வின் சுவரில் ஒட்டியிருந்த யானைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் சொன்னதெல்லாம் காதில் விழுந்தது, ஆனால் உள்ளே இறங்கவில்லை என்பது அவன் தாடையிலேயே தெரிந்தது. கடைசியில், சரி, இன்றைக்கு அந்த ஆறு இருக்கிற ஊசி மட்டும், ஒரு வாரம் கழித்து நிமோனியா, அதற்கடுத்த வாரம் சொட்டு மருந்து என்று இறங்கி வந்தான்.

"அப்போ ஏதாவது ஆச்சுன்னா, எதனாலன்னாவது தெரியும்ல" என்றான்.

வைஷ்ணவி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவள் அங்கே வந்ததிலிருந்து வாய் திறக்கவில்லை. இப்போதும் குரலை உயர்த்தவில்லை. ஆபீஸில் ஒரு தப்பைச் சுட்டிக்காட்டுகிற அதே தொனியில்தான் பேசினாள்.

"தெரிஞ்சு என்ன பண்ணுவே அஷ்வின்?"

அவனுக்குப் புரியவில்லை.

"ஆபீஸ்ல எதுன்னு தெரிஞ்சா அதை எடுத்துட்டுப் பழையபடி மாத்திடுவோம். அதுக்குத்தான் ஒண்ணொண்ணா போடறது. இங்க எதை எடுப்பே? நீ பாப்பாவைக் காப்பாத்த பிளான் போடலை. அவளும் போயிட்டா காரணம் கண்டுபிடிக்கத்தான் பிளான் போட்டிருக்கே."

இந்த மாதிரி ஒரு வார்த்தையைச் சொன்னால் சொன்னவள் அழ வேண்டும், அல்லது கேட்டவன் கத்த வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. வைஷ்ணவி குழந்தையின் சட்டை பட்டனைச் சரிசெய்தாள். அஷ்வின் எழுந்தான். நாற்காலி தரையில் உரசியது. யாரையும் பார்க்காமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான்.

ராதா தம்பியின் பின்னால் போவதா, இங்கேயே இருப்பதா என்று தடுமாறினாள். அவளும் எழுந்து நின்றுவிட்டு, மறுபடியும் உட்கார்ந்தாள்.

"நீங்க சொல்லுங்க" என்றார் டாக்டர், வைஷ்ணவியைப் பார்த்து.

"எல்லாம் இன்னைக்கே போட்டுடுங்க டாக்டர்."

போன தடவை இனியனைப் பிடித்துக்கொண்டது அஷ்வின். வைஷ்ணவி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். இந்தத் தடவை அவளே மடியில் வைத்து, நர்ஸ் ஷோபா சொன்னபடி ஒரு கையால் குழந்தையின் கால்களைப் பிடித்துக்கொண்டாள், கண்ணை எடுக்காமல் பார்த்தாள். சொட்டு மருந்து முதலில் போயிற்று. இனிப்பாக இருந்திருக்க வேண்டும், பாப்பா சப்புக்கொட்டியது. அடுத்து இடது தொடையில் ஊசி இறங்கியது. ஒரு கணம் ஒன்றும் இல்லை. பிறகு குழந்தையின் முகம் சுருங்கி, வாய் திறந்து, சத்தம் வராமல் நின்று, ஒரேயடியாக வீறிட்டது. அதன் நடுவிலேயே வலது தொடையிலும் போட்டுவிட்டாள் ஷோபா.

இப்போதாவது ஏதாவது தோன்றும் என்று வைஷ்ணவி எதிர்பார்த்தாள். மனசுக்குள் எட்டிப் பார்த்தாள். காலியாகவே இருந்தது. ஆனால் மார்பில் சுரீர் என்று இழுத்துப் பால் சுரந்து, குர்தா இரண்டு பக்கமும் நனைந்துவிட்டது. உடம்பு அவளைக் கேட்காமலே தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ராதா பார்த்துவிட்டு வந்து துப்பட்டாவைப் போர்த்தி, பால் குடு, அழுகை நின்னுடும் என்று மெதுவாகச் சொன்னாள்.

பாப்பா குடிக்கத் தொடங்கியபோதுதான் வெளியே இருமல் கேட்டது.

கிளினிக் வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு அஷ்வின் இருமிக்கொண்டிருந்தான். மூச்சு எடுக்க இடைவெளி இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. முடிகிற இடத்தில் ஒரு இழுப்பு, பிறகு ஓங்கரிப்பு. ஊசிப் பஞ்சைக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்த டாக்டர் கேரலின் கை நின்றது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். இதுவரை நிதானமாக விளக்கிக்கொண்டிருந்த டாக்டரின் முகம் இல்லை அது.

மாஸ்க் ஒன்றை எடுத்துக்கொண்டு அவரே வெளியே போனார். கதவு திறந்திருந்ததால் பேசியது முழுக்க உள்ளே கேட்டது. எத்தனை நாளாக என்று கேட்டார். ஏசி டாக்டர், ஆபீஸ் பஸ்ல என்றான். எத்தனை நாளாக என்றுதான் கேட்டேன் என்றார். மூணு வாரம் இருக்கும் என்றான். இருமி முடித்ததும் வாந்தி வருகிறதா என்றார். காலையில் சில நேரம் என்றான். ராத்திரி குழந்தை எங்கே படுக்கிறது என்றார்.

அஷ்வின் சுவரிலிருந்து கையை எடுத்தான்.

"என் பக்கத்துலதான்" என்றான். "மூச்சு வருதான்னு பாத்துக்கிட்டே இருப்பேன் டாக்டர்."

டாக்டர் திட்டவில்லை. மாஸ்க்கை நீட்டி, போட்டுக்கொள்ளச் சொன்னார். பெரியவர்களுக்குக் கக்குவான் வரும்போது சாதாரண இருமல்போலத்தான் இருக்கும், வேலைக்கும் போவார்கள் வருவார்கள், வீட்டில் கைக்குழந்தை இருந்தால்தான் ஆபத்து என்றார். கக்குவானாக இல்லாமலும் இருக்கலாம். மூக்கில் சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்பலாம், திங்கட்கிழமை தெரிந்துவிடும். அதுவரை காத்திருக்காமல் இன்றே மாத்திரையை ஆரம்பித்துவிட வேண்டும், பாப்பாவுக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கும் முன்கூட்டியே மருந்து எழுதித் தருகிறேன். தனி அறை, மாஸ்க், குழந்தையைத் தூக்கக் கூடாது.

"இப்போ போட்டுட்டோம்ல டாக்டர்?" என்றாள் ராதா வாசலில் வந்து நின்று. "இனிமே ஒண்ணும் ஆகாதுல்ல?"

முதல் டோஸ் ஒரு ஆரம்பம்தான் என்றார் டாக்டர். உடம்பு பழகிக்கொள்ளச் சில வாரம் ஆகும், அடுத்தடுத்த டோஸும் போட வேண்டும். ஆறு வாரத்திலேயே ஆரம்பித்திருந்தால் இந்நேரம் இரண்டாவதும் போட்டிருக்கலாம் என்பதை அவர் சொல்லவில்லை. அஷ்வினுக்கு அதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாஸ்க்குக்கு மேலே அவன் கண்கள் மட்டும் தெரிந்தன.

திரும்பி வரும்போது அவன் அவர்களோடு வரவில்லை. தனியாக ஆட்டோ பிடித்துக்கொண்டான்.

சாயங்காலம் பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. வரும் என்று சொன்னதுதான், அளவும் சொன்ன அளவுக்குள்தான். வைஷ்ணவி தெர்மாமீட்டரைத் துடைத்து வைத்தாள், டாக்டர் எழுதிக்கொடுத்த அளவு பார்த்து மருந்தைக் கொடுத்தாள், வீங்கிய தொடையில் ஈரத்துணியை வைத்து வைத்து எடுத்தாள். ராதா ராத்திரி தங்குவதாகச் சொல்லிவிட்டு அடுப்படியில் உப்புமா கிளறிக்கொண்டிருந்தாள். குக்கர் இருக்கிற இடம், ரவை இருக்கிற இடம் எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டுக் குரல் பழையபடி திரும்பியிருந்தது.

வீட்டிலிருந்து வேலை பார்க்கிற சின்ன அறையில் அஷ்வின் இருந்தான். கதவு சாத்தியிருந்தது. வைஷ்ணவி உப்புமாத் தட்டை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பும்போது கதவுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"காய்ச்சல் எவ்வளவு?"

சொன்னாள்.

"பால் குடிச்சாளா?"

"குடிச்சா. தூங்கறா."

அவன் கதவின்மேல் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான் என்பது கீழே இடுக்கில் தெரிந்த நிழலிலிருந்து புரிந்தது. அவளும் இந்தப் பக்கம் நின்றாள். போகத் தோன்றவில்லை.

"அடுத்தது எப்போ வைஷு?"

"நாலு வாரம் கழிச்சு."

"அதே மூணும் ஒண்ணாத்தானே?"

"ஒண்ணாத்தான்."

"காலண்டர்ல போட்டுட்டேன்" என்றான். "அன்னைக்கு லீவும் சொல்லிட்டேன்."

அந்த வீட்டில் பாப்பாவைப் பற்றி அடுத்த மாதத்துக்கு என்று யாரும் எதையும் குறித்து வைத்ததில்லை. வைஷ்ணவி பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவனுக்கு இருமல் வந்துவிட்டது. காலையில் வந்ததைவிட நீளமாக வந்தது. கதவு அதிர்ந்தது. அடுப்படியில் ராதாவின் கரண்டிச் சத்தம் நின்றது. மூன்று வாரமாக வைஷ்ணவி இந்த இருமலைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். துணி துவைக்கிற மெஷினின் சத்தத்தைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது ஒவ்வொரு இருமலும் எங்கே போய் விழுகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. ராத்திரி ராத்திரி மூச்சு வருகிறதா என்று அவன் குனிந்து பார்த்த பாப்பாவின் முகத்தில்.

வேகமாகப் படுக்கையறைக்குப் போனாள். பாப்பா மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. கன்னத்துப் பொட்டு வியர்வையில் கலைந்திருந்தது. பால் கொடுக்க இல்லை, துணி மாற்ற இல்லை, எந்த வேலையும் இல்லாமல் வைஷ்ணவி அதன் நெஞ்சில் கை வைத்தாள். சூடாக இருந்தது. ஏறி இறங்கியது.

தூக்கத்தில் பாப்பாவின் தொண்டையில் ஏதோ கரகரத்தது. தலையைத் திருப்பி ஒரு தடவை செருமியது. பால் எதுக்களித்திருக்கும். பாலாகத்தான் இருக்கும்.

அவள் கை நடுங்க ஆரம்பித்தது. இனியனைத் தொட்டிலிலிருந்து தூக்கிய காலையிலும் நடுங்காத கை அது. பயம் இப்படித்தான் இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

"அண்ணி" என்று ராதாவைக் கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள். "அண்ணி, இங்க வாங்க. எனக்குப் பயமா இருக்கு."